இலத்திரனியல் பயிலத் தொடங்குதல்

மின்விளக்கையும் மின்விசிறியையும் இயக்குவது மின்னியல். ஒரு சிறு மின்னோட்டத்தைக் கொண்டு வேறொரு பெரு மின்னோட்டத்தை அடக்கவும், திறந்து விடவும், பெருக்கவும், அதன் வாயிலாக ஒலியையும் எழுத்தையும் கணக்கையும் கொண்டு செல்லவும் கற்பது இலத்திரனியல். இவ்விரண்டுக்கும் அடிப்படை விதிகள் ஒன்றேயாயினும் நோக்கம் வேறு. முன்னையது ஆற்றலைக் கொணர்வது. பின்னையது செய்தியைக் கொணர்வது.

இலங்கைப் பாடசாலைகளில் இத்துறைக்கு இடம் இல்லாமல் இல்லை. க. பொ. த. சாதாரண தரத்திலே மின், இலத்திரனியல் தொழினுட்பம் விருப்பப் பாடங்களுள் ஒன்றாக வைக்கப்பட்டுள்ளது. உயர்தரப் பௌதிகவியலிலே அது தனி அலகு. 2013 ஆம் ஆண்டிலே தொழினுட்பத் துறையென்று உயர்தரத்திற் புதியதொரு பிரிவும் திறக்கப்பட்டது. எனினும் திரான்சிற்றரின் சிறப்பியல்பு வளைகோட்டைப் பிழையின்றி வரைந்து காட்டும் மாணவன் ஒருவன், அத்திரான்சிற்றரை ஒருமுறையேனும் விரலாற் பிடித்துப் பாராதவனாய்ப் பரீட்சை மண்டபத்தினின்று வெளியேறுதல் இன்றும் நிகழக்கூடியதே. ஆய்கூடம் இல்லை, கருவி இல்லை, பணம் இல்லை என்பன இதற்குக் கூறப்படும் காரணங்கள். அவை முற்றும் பொய்யல்ல. ஆயினும், இத்துறை கொழும்பிலே எவ்வாறு கால்கொண்டது என்பதை அறிவார் அக்காரணங்களை அவ்வளவு பெரிதாகக் கொள்ளார்.

எட்வேட் ஹாப்பர் என்னும் ஆங்கிலேயர் 1921 ஆம் ஆண்டிலே இலங்கைத் தந்தித் திணைக்களத்தின் தலைமைப் பொறியியலாளராக வந்தார். 1923 ஆம் ஆண்டிலே அவரும் அவருடன் பணிபுரிந்த பொறியியலாளரும் கொழும்பு மத்திய தந்தி அலுவலகத்தின் சிற்றறை ஒன்றினின்று இசைத்தட்டுப் பாடல்களை வானொலி அலைகளிற் பரப்பிப் பார்த்தனர். அதற்கெனக் கருவி எதுவும் விலைக்கு வாங்கப்படவில்லை. முதலாம் உலகப் போரிலே கைப்பற்றப்பட்ட செருமானிய நீர்மூழ்கிக் கப்பல் ஒன்றின் வானொலிச் சாதனங்களைப் பிரித்தெடுத்து, அவற்றைக் கொண்டே ஒலிபரப்பி அமைக்கப்பட்டது. கடலடியிலே போர்ச்செய்தி கேட்ட உறுப்புகள் கொழும்பிலே பாட்டுப் பாடின. இம்முயற்சி முதிர்ந்து, 1925 ஆம் ஆண்டு திசெம்பர் 16 ஆம் நாள் கொழும்பு வானொலி முறையாகத் திறந்து வைக்கப்பட்டது. ஆசியாவின் முதல் வானொலி இதுவே எனப் பெருமை பேசுவாரும் உளர். பம்பாயிலும் கல்கத்தாவிலும் வானொலிக் கழகத்தார் 1923 ஆம் ஆண்டிலேயே ஒலிபரப்பத் தொடங்கினர் என்பதையும் சென்னையிற் கழகத்தார் 1924 ஆம் ஆண்டிலே தொடங்கினர் என்பதையும் உடன்வைத்து எண்ணின் அப்பெருமையைச் சற்று அடக்கிப் பேசுதல் நன்று. போற்றத்தக்கது முந்தியமை அன்று. கழித்துவிடப்பட்ட பொருளிலிருந்து தொடங்கியமையே.

அக்காலத்திலே கேட்போரும் ஒருவகையிற் செய்வோராய் இருந்தனர். ஈயச் சல்பைட்டுக் கனிமத்துண்டு ஒன்று, அதனைத் தொடும் மெல்லிய கம்பி, கம்பிச்சுருள், காதிற் பொருத்தும் கேள்கருவி ஆகிய இவையே பளிங்கு வானொலி. அதற்குப் பற்றரியும் வேண்டியதில்லை. அக்கனிமம் மின்னை ஒருபுறமாகவே செல்ல விடும் இயல்புடையது. இவ்வியல்பைக் கருவியாக்கி, அதற்கு 1904 ஆம் ஆண்டிலே ஐக்கிய அமெரிக்காவிற் காப்புரிமை பெற்றவர் வங்காளத்து அறிஞர் சகதீச சந்திர போசு. நெடுங்காலம் உலகெங்கும் சிறுவர் இத்துறையிற் புகுந்த வாயில் இதுவே. இன்று அவ்வாயிலாற் புகுதல் எளிதன்று. கொழும்பு மக்கள் பெரும்பாலும் கேட்பது பண்பலை வானொலி. பளிங்கு வானொலியோ வீச்சம் மாறும் அலைகளுக்கே உரியது. ஆகவே பழைய நூலைப் பார்த்துப் பளிங்கு வானொலி கட்டி, ஒன்றும் கேளாமல் மனமுடையும் மாணவனுக்குத் தன் கைவேலையிற் குற்றம் உண்டோ, காற்றில் அலை இல்லையோ என்று அறிய வழியில்லை. தொடக்கப் பாடம் ஒன்றுக்கு இதனினும் பெரிய குறை வேண்டா.

அங்ஙனமாயின் எங்கிருந்து தொடங்குவது? விடையை முன்னரே கணித்து வைத்துக்கொள்ளக்கூடியதும், பின்னர் அளந்து சரிபார்க்கக்கூடியதுமான சுற்றிலிருந்தே தொடங்குதல் வேண்டும். விளக்கு எரிந்தது என்பது மட்டும் பாடமாகாது. எவ்வளவு மின் ஓடும் என்று தாளில் எழுதி, அதன்பின் சுற்றை மூடி, எழுதியதும் அளந்ததும் எவ்வளவு ஒத்தன என்று பார்ப்பதே பாடம்.

இதற்கு வேண்டுவன மிகச் சில: 9 வோல்ற்றுப் பற்றரி ஒன்று, 470 ஓம் தடையி ஒன்று, சிவப்பு நிற ஒளிகாலும் இருவாயி ஒன்று, பல்மானி ஒன்று. ஒளிகாலும் இருவாயி என்பது கடைகளிலே எல்.ஈ.டி. என்று கேட்கப்படும் சிறுவிளக்கே. அது ஒரு திசையில் மட்டும் மின்னை ஏற்கும். நீண்ட கால் நேர்முனைக்கு உரியது. சிவப்பு விளக்கானால் அது எரியும்போது தன் இரு கால்களுக்கிடையே ஏறக்குறைய 2 வோல்ற்று அழுத்தத்தைத் தனக்கென எடுத்துக்கொள்ளும். எஞ்சியது 7 வோல்ற்று. அது தடையியின் மீது விழும். ஓமின் விதிப்படி 7 ஐ 470 ஆல் வகுக்க ஏறக்குறைய 0.0149 அம்பியர், அதாவது 14.9 மில்லியம்பியர் வரும். இதனைச் சுற்றை மூடுமுன் எழுதி வைத்தல் வேண்டும்.

இப்போது அளவு. பல்மானியை மின்னோட்டம் அளக்கும் நிலையில் வைத்துப் பற்றரியின் இருமுனைகளிலும் நேரே தொடுதல் தொடக்க மாணவர் பலரும் செய்யும் பிழை. மானியினுள்ளிருக்கும் உருகி அக்கணமே போய்விடும். ஆதலின் முதலில் அழுத்தத்தையே அளக்கப் பழக்குதல் தக்கது. தடையியின் இருபுறமும் தொட்டு, காட்டும் அழுத்தத்தை 470 ஆல் வகுத்தால் மின்னோட்டம் தானே வெளிப்படும். காட்டும் அளவு பெரும்பாலும் 7 வோல்ற்றாய் இராது. 6.8 என்றோ 7.2 என்றோ வரும். அவ்விடத்திலேதான் உண்மையான வகுப்புத் தொடங்குகிறது. பற்றரி புதியதா, பழையதா? இருவாயி எடுத்துக்கொண்டது 2 வோல்ற்றுத்தானா, 1.9 ஆ? தடையியின் மேல் மஞ்சள், ஊதா, கபிலம் என்னும் மூன்று வளையங்கள் 4, 7, ஒரு பூச்சியம் என நின்று 470 ஐக் குறிக்கும்; நான்காவதாகிய பொன்னிற வளையமோ நூற்றுக்கு 5 வரை ஏறவும் இறங்கவும் கூடும் என்று ஆக்கியோனே ஒப்புக்கொண்டமைக்கு அடையாளம். எனவே அத்தடையி 447 முதல் 493 ஓம் வரை எதுவாகவும் இருக்கலாம். விதி பொய்க்கவில்லை, எடுத்துக்கொண்ட எண்கள் சற்றே வேறாயின. இவ்வேறுபாட்டை ஒவ்வொன்றாய்த் தேடிக் கண்ட மாணவன் பின்னர் எந்தக் கருவி பழுதுபட்டாலும் அஞ்சமாட்டான்.

அடுத்துச் சிவப்பு விளக்கை எடுத்துவிட்டு நீல விளக்கை வைத்தல் வேண்டும். நீலம் ஏறக்குறைய 3 வோல்ற்றை எடுத்துக்கொள்ளும். மின்னோட்டம் கூடுமா, குறையுமா என்று முதலிற் கேட்டு, விடையை எழுதுவித்த பின்னரே சுற்றை மூடல் வேண்டும். 6 ஐ 470 ஆல் வகுக்க 12.8 மில்லியம்பியர், ஆகவே குறையும். தடையியை நீக்கி நேரே பற்றரியில் இணைத்தால் என்னாகும் என்று மாணவர் கேட்பர். குறித்த அழுத்தத்தை அடைந்தபின் இருவாயியில் அழுத்தம் சிறிது கூடினும் மின்னோட்டம் மிகப் பெரிதாய்க் கூடும், விளக்குக் கருகும். அதனைச் சொல்லி நிறுத்தாமல் ஒரே ஒரு விளக்கை வகுப்பிலே கருகக் காட்டுதல் வீண்செலவு அன்று.

மின்னோட்டத்தை விளக்க நீர்க்குழாயை உவமை கூறுதல் வழக்கம். அழுத்தம் நீர்மட்ட உயரம், மின்னோட்டம் நீரோட்டம், தடை குழாயின் ஒடுக்கம் என்பர். உவமை ஓரளவுக்கே செல்லும். குழாய் நீர் வெளியே கொட்டிப் போய்விடலாம். மின்னோ புறப்பட்ட பற்றரிக்கே மீளாவிடின் சிறிதும் ஓடாது. தொடக்கத்திலே எழும் பிழைகளுட் பல, திரும்பும் வழியை மறப்பதாலேயே எழுகின்றன. இன்னொரு மயக்கமும் உண்டு. சுற்றுப்படங்களில் மின்னோட்டம் நேர்முனையினின்று மறைமுனைக்குச் செல்வதாகக் காட்டப்படும். இலத்திரன்களோ எதிர்த்திசையிற் செல்வன. நேர், மறை என்னும் பெயர்களைப் பதினெட்டாம் நூற்றாண்டிலே பெஞ்சமின் பிராங்கிளின் இட்டபோது இலத்திரன் அறியப்படவில்லை. 1897 ஆம் ஆண்டிலே தொம்சன் அதனைக் கண்டறிந்தபோது அது மறையேற்றமுடையதெனத் தெரிந்தது. அதற்குள் நூல்களெல்லாம் பழைய வழக்கிலே எழுதப்பட்டுவிட்டன. கணக்குக்கு இரண்டும் ஒன்றே. ஒரு வழக்கைப் பற்றிக்கொண்டு மாறாதிருப்பதே வேண்டுவது.

பெயர்களைப் பற்றி எழுந்த இப்பேச்சிலே தமிழ் மாணவருக்கே உரிய இடர் ஒன்றையும் கூறுதல் வேண்டும். இலங்கைப் பாடநூல் இலத்திரனியல் என்பதைத் தமிழ்நாட்டு நூல் மின்னணுவியல் என்கிறது. இங்கு தடையி, அங்கு மின்தடை அல்லது மின்தடையாக்கி. இங்கு கொள்ளளவி, அங்கு மின்தேக்கி. இங்கு இருவாயி, அங்கு டையோடு. திரான்சிற்றரின் மூன்று கால்களை இலங்கை நூல் காலி, அடி, சேகரிப்பான் என்று கூற, தமிழ்நாட்டு நூல் உமிழ்ப்பான், அடிவாய், ஏற்பான் என்று கூறும். வெள்ளவத்தையிலே இருந்துகொண்டு சென்னை ஆசிரியர் ஒருவரின் பாடத்தை இணையத்திற் கேட்கும் மாணவி, பொருள் விளங்காமையால் அன்று, சொல் விளங்காமையாலே தயங்கி நிற்பாள். கடைக்குப் போனாலோ இரண்டும் உதவா. அங்கு றெசிஸ்ரர், கப்பாசிற்றர் என்றே கேட்டல் வேண்டும். மூன்று வழக்கையும் எதிரெதிரே எழுதிய தாள் ஒன்றை வகுப்பறைச் சுவரில் ஒட்டுவதால் இவ்விடர் பெரிதும் தீரும். எது சிறந்த சொல் என்று வாதிடுதல் வேறு மன்றத்துக்குரியது. ஆயினும் ஒன்று குறிப்பிடத்தக்கது. கணினியின் அடிப்படையாகிய தருக்கச் சுற்றுகளை இலங்கை நூல்கள் ‘படலை’ என்று அழைக்கின்றன. வேலியிலே படலை திறப்பதையும் சாத்துவதையும் கண்டு வளர்ந்த யாழ்ப்பாணத்துப் பிள்ளைக்கு அச்சொல் பாதிப் பாடத்தைத் தானே சொல்லிவிடுகிறது.

உறுப்புகளைப் பெறுதற்குக் கொழும்பு மாணவருக்குப் பிறர்க்கில்லா வாய்ப்பு உண்டு. வெள்ளவத்தையினின்று கடலோரப் புகையிரதத்திற் கோட்டையில் இறங்கினாலும், கொட்டாஞ்சேனையினின்று புறப்பட்டாலும், புறக்கோட்டை முதலாம் குறுக்குத் தெரு தொலைவில் இல்லை. இலத்திரனியற் பொருள்களுக்கு அத்தெரு நெடுங்காலமாகப் பெயர்பெற்றது. எனினும் எல்லாவற்றையும் வாங்கத்தான் வேண்டும் என்பதில்லை. உடைந்த விளையாட்டுக்கார், பேசாத சிறுவானொலி, பயனற்ற தொலைக்கட்டுப்படுத்தி ஆகிய இவற்றுள் எத்தனையோ தடையிகளும் கொள்ளளவிகளும் திரான்சிற்றர்களும் உயிரோடு கிடக்கின்றன. 2022 ஆம் ஆண்டு மார்ச்சு மாத இறுதியிலே மின்வெட்டு நாளொன்றுக்கு 13 மணி நேரம் வரை நீண்டபோது வீடுதோறும் வந்து புகுந்த பற்றரி விளக்குகளிலும் பல இன்று மூலையிற் கிடப்பனவே. ஹாப்பருக்கு நீர்மூழ்கிக் கப்பல் எதுவோ, மாணவனுக்கு அம்மூலை அதுவாகலாம்.

ஈண்டு ஓர் எல்லை கண்டிப்பாக வகுக்கப்படல் வேண்டும். பற்றரியில் இயங்கியவற்றை மட்டுமே பிரிக்கலாம். சுவர்க் குதையிற் செருகி மின்னேற்றும் விளக்காயின் அதன் மின்னேற்றும் பகுதியும் உள்ளிருக்கும் பற்றரியும் ஆசிரியர் கைக்கு மட்டுமே உரியன. தொலைக்காட்சி, கணினியின் மின்வழங்கி, கைத்தொலைபேசியின் மின்னேற்றி ஆகியவை 230 வோல்ற்று வீட்டு மின்னோடு தொடர்புடையன. செருகியைக் கழற்றிய பின்னும் அவற்றின் உள்ளிருக்கும் பெருங்கொள்ளளவிகள் ஏற்றத்தைத் தேக்கி வைத்திருந்து உயிருக்கே ஊறு செய்யவல்லன. கைத்தொலைபேசிப் பற்றரியைக் குத்தினாலோ வளைத்தாலோ தீப்பற்றும். முதலாண்டு முழுவதும் 9 வோல்ற்றுக்கு மேற்படாத சுற்றுகளையே செய்வது என்னும் விதி கற்பவருக்கு எதையும் இழப்பிக்காது; இலத்திரனியலின் தலையாய கருத்துகள் யாவும் அவ்வெல்லைக்குள்ளே அடங்கும்.

உறுப்புகளை இணைக்க முதலில் ஈயம் பற்றவைக்க வேண்டியதில்லை. துளைகள் நிறைந்த ‘பிரெட்போட்’ என்னும் பலகையிற் கால்களைச் செருகினாற் போதும். பாண் வெட்டும் பலகை என்பதே அப்பெயரின் பொருள். முற்காலத்து வானொலி ஆர்வலர் அடுக்களைப் பலகையை எடுத்து அதன்மேல் ஆணியடித்துச் சுற்று அமைத்தமையால் வந்த பெயர் அது. அடுக்களையினர் என்ன கூறினர் என்பதை வரலாறு குறித்து வைக்கவில்லை. வாங்குவதற்கு எளிதாயினும் அப்பலகையின் எத்துளைகள் உள்ளே ஒன்றோடொன்று தொடுக்கப்பட்டுள்ளன என்பதைப் பல்மானியால் மாணவனே தேடிக் காணல் வேண்டும். அத்தேடல் அரை மணி நேரப் பாடம்.

இக்காலத்திலே பலர் இப்படிகளையெல்லாம் தாண்டி ஆடுயினோ போன்ற நிரலாக்கப் பலகையிலிருந்தே தொடங்குகின்றனர். இத்தாலியிலே 2005 ஆம் ஆண்டளவில் மாணவருக்கென்றே தோன்றிய அப்பலகை மிக நல்ல கருவி. அதனைப் பழிப்பது அறியாமை. ஆனால் அது முதற் கருவியாகும்போது ஒரு தீங்கு நேர்கிறது. எவரோ எழுதிய நிரலைப் படியெடுத்து ஏற்றியவுடன் விளக்கு மின்னும். மின்னாவிடின் பிழை நிரலிலா, கம்பியிலா, தடையியிலா என்று பிரித்தறியக் கையில் அளவுகோல் இல்லை. தடையியும் பல்மானியும் கைவந்தவனுக்கு அப்பலகை இரண்டாம் ஆண்டிலே பெருந்துணையாகும்.

விளக்கும் தடையியும் பழகியபின் வருவது திரான்சிற்றர். அமெரிக்காவிலே பெல் ஆய்கூடத்தில் 1947 ஆம் ஆண்டு திசெம்பரில் இது பிறந்தது; பார்டீன், பிரற்றெயின், சொக்கிலி என்னும் மூவருக்கும் 1956 ஆம் ஆண்டிலே இதற்காக நோபெல் பரிசு கிடைத்தது. குளத்தின் மதகை ஒருவன் கையாலே திருக, வயல்களுக்கெல்லாம் நீர் பாய்கிறது. கையின் வலு சிறிது, பாயும் நீர் பெரிது. அதுபோல அடியிற் புகும் சிறு மின்னோட்டம் சேகரிப்பானினின்று காலிக்குச் செல்லும் பெரு மின்னோட்டத்தை ஆள்கிறது. பெரியது சிறியதின் எத்தனை மடங்கு என்பதே நயம். கவிதை நயம் படித்த மாணவர் இச்சொல்லைக் கண்டு முறுவலிப்பர். இலாபம் என்னும் பழம்பொருளே இங்கு கொள்ளத்தக்கது.

இதனைக் கற்பிக்கக் கொழும்பு வீடுகளிலே பயன்படக்கூடிய சுற்று ஒன்று உண்டு. தொடர்மாடிகளின் மேலே நீர்த்தொட்டி நிரம்பி வழிவது பலரும் கண்டது. தொட்டியின் மேல்விளிம்பருகே இரு கம்பிகளைத் தொங்கவிட்டு, ஒன்றைப் பற்றரியின் நேர்முனையோடும், மற்றொன்றை 10 கிலோ ஓம் தடையி வழியாகத் திரான்சிற்றரின் அடியோடும் இணைத்தல் வேண்டும். முன்னர்ச் செய்த விளக்கும் 470 ஓம் தடையியும் நேர்முனைக்கும் சேகரிப்பானுக்கும் இடையிலே நிற்கும். காலி மறைமுனையைச் சேரும். நீர் கம்பிகளைத் தொடும்போது அடிக்கு மின் கிடைக்கும்; விளக்கு எரியும்.

கணக்கு இவ்வாறு: நீரின் தடை கம்பிகளின் இடைவெளியையும் நீரிற் கரைந்துள்ள உப்புகளையும் பொறுத்தது, எடுத்துக்காட்டாக அதனை 50 கிலோ ஓம் எனக் கொள்க. தடையியோடு கூட்ட 60 கிலோ ஓம். அடிக்கும் காலிக்கும் இடையே ஏறக்குறைய 0.7 வோல்ற்றுப் போக எஞ்சியது 8.3 வோல்ற்று. வகுக்க 0.138 மில்லியம்பியர். இத்துணைச் சிறிய ஓட்டத்தால் விளக்கை நன்கு எரிக்க இயலாது. நயம் 100 ஆயின் சேகரிப்பானில் 13.8 மில்லியம்பியர் வரை செல்லலாம். விளக்கு ஏறக்குறைய முழு ஒளியோடு எரியும். திரான்சிற்றரை நீக்கிவிட்டு நீர் வழியாகவே விளக்கை எரிக்க முயன்று, அது மங்குவதையும் காட்டுதல் வேண்டும். நயம் என்பதன் பொருள் அப்போது விளங்கும். ஒரே பெயருடைய திரான்சிற்றர்களுக்குள்ளும் நயம் பல மடங்கு வேறுபடுமாதலால், நூலிற் கண்ட எண்ணைத் துல்லியமெனக் கொண்டு சுற்று வகுத்தல் ஆகாது.

மாணவர் இடறும் இடம் இங்கு இரண்டு. கொழும்புக் கடைகளிற் கிடைக்கும் பி.சி. 547, சி 828 ஆகிய இரண்டும் உருவில் ஒத்தன. ஆயினும் முன்னதன் நடுக்கால் அடி; பின்னதன் நடுக்கால் சேகரிப்பான். ஒன்றை எடுத்த இடத்தில் மற்றதை அப்படியே செருகினாற் சுற்று வேலை செய்யாது. மற்றையது, சில நாளில் விளங்கும். நேர்முனையோடு இணைந்த செப்புக்கம்பி நீருள் அரிக்கப்பட்டுப் பச்சை பூக்கும். பின்னர் விளக்கு மங்கும். மின்பகுப்பு என்று இரசாயன வகுப்பிலே படித்தது இதுவே. குடிக்கும் நீர்த்தொட்டியிற் செம்பு கரைவது நன்றன்று. ஆகவே செப்புக்கு மாறாகத் துருவேறா உருக்குக் கம்பியை இடுவதோடு, எந்நேரமும் மின் ஓடாவண்ணம் ஓர் அழுத்தாளியை நேர்முனைக் கம்பியிலே சேர்த்து, பார்க்க விரும்பும்போது மட்டும் அழுத்துமாறு அமைத்தல் வேண்டும். பற்றரியும் அதனால் நெடுநாள் நிற்கும்.